வெறும் வயிற்றில் வருகிறவன்

குமுதாவுக்கு என்ன வேலை என்று ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் அவள் குடியிருந்த வீட்டு வரிசையில் ஒருவருக்கும் சரியாகச் சொல்ல வராது. "ஓடுற பிள்ளைங்களுக்குச் சாப்பிடச் சொல்லிக் குடுக்கிற வேலை" என்பார் பக்கத்து வீட்டு குழந்தையம்மாள். சொல்லிவிட்டு அவரே, "சாப்பிடறத யாராச்சும் சொல்லிக் குடுக்கணுமா?" என்று சிரிப்பார். குமுதாவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. ஈப்போவில் இளம் விளையாட்டாளர்களுக்கான ஒரு சிறிய பயிற்சி மையத்தில் அவள் ஊட்டச்சத்து ஆலோசகர். சைக்கிள் ஓட்டுகிறவன் காலையில் ஒரு கலர் தண்ணீரைக் குடித்துவிட்டு மலையேறப் பார்ப்பான். சிலம்பக்காரன் எடைப் பிரிவுக்குள் நுழைவதற்காக வாயில் எச்சிலைக்கூட வைத்திருக்காமல் துப்பிக்கொண்டு அலைவான். அவர்களுக்கெல்லாம் குமுதா புதிதாக எதையும் சொல்வதில்லை. முட்டை, தெம்பே என்கிற சோயாக் கட்டி, நெத்திலி, வாழைப்பழம், ஒரு கோப்பை மைலோ, ஓடி முடித்த கையோடு ஒரு தட்டுச் சோறு. எதை எப்போது சாப்பிடுவது என்பதுதான் அவள் வித்தை. பிள்ளைகள் அவளை 'மிஸ்' என்றார்கள், பெற்றோர்கள் டாக்டர் என்றார்கள். "நான் டாக்டர் இல்லக்கா" என்று திருத்தித் திருத்திச் சலித்து, பிறகு விட்டுவிட்டாள்.

அவளுக்கு நாற்பத்தோரு வயது. கணவன் மகேந்திரன் முறுக்கும் கச்சாங் கடலையும் கடைகடையாகக் கொண்டுபோய்ப் போடுகிற வேன் ஓட்டியவன். பெருந்தொற்று உச்சத்தில் இருந்தபோது அவனை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏறும்போது கையை ஆட்டினான். அதற்குப் பிறகு அவள் பார்த்தது ஒட்டி மூடிய பெட்டியைத்தான், அதையும் மயானத்தின் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு. முகத்தைப் பார்க்காததால் செத்தது அவன்தான் என்று மனசு முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளைகளும் இல்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள், சாப்பிட்டாள். சாப்பிடுவதை ஒருநாளும் விடவில்லை. ஊருக்கெல்லாம் சொல்கிறவள் தான் பட்டினி கிடக்கலாமா என்று ஒரு வீம்பு.

அப்படி இருந்தபோதுதான் ஷர்மினி வந்தாள்.

சீனி மாஸ்டர்தான் கூட்டிக்கொண்டு வந்தார். சுங்காய் வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நெட்டோட்டம் பயிற்றுவிக்கிறவர், நல்ல மனுஷர், கொஞ்சம் அவசரக்காரர்.

"மிஸ், இந்தப் பொண்ணு காத்து மாதிரி ஓடுவா. மாநிலப் போட்டியில கண்டிப்பா மெடல் எடுப்பா. ஆனா இப்ப ஒரு மாசமா தொடையில நோவுதுன்றா. சாப்பாடு சரியில்லன்னு நெனைக்கிறேன். கொஞ்சம் பாருங்களேன்லா."

பதினேழு வயதுப் பெண். குழந்தையின் மணிக்கட்டு. கன்னத்தில் பூனைமுடி போல மெல்லிய ரோமம் படர்ந்திருந்தது. உடம்பு தன்னைச் சூடாக வைத்துக்கொள்ள வழியில்லாமல் வளர்க்கிற ரோமம் அது என்று குமுதாவுக்குத் தெரியும். மாஸ்டரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மாசா மாசம் சரியா வருதாம்மா?"

"இல்ல மிஸ். நின்னுபோச்சு."

"எப்பத்திலேர்ந்து?"

"போன தீபாவளிக்கு முந்தியே." வெட்கமில்லாமல், கவலையுமில்லாமல் சொன்னாள்.

உடம்பு வீட்டுக்காரி மாதிரி, வரவு குறைந்தால் எதை முதலில் நிறுத்தலாம் என்றுதான் பார்க்கும் என்று குமுதா அவளுக்கு விளக்கினாள். மாதவிலக்கை நிறுத்தும், பிறகு எலும்புக்குப் போகவேண்டியதை நிறுத்தும். ஓட ஓட எலும்பில் விழுகிற சின்னச்சின்னக் கீறல்களை ராத்திரியில் உட்கார்ந்து பூசுவதற்கு உடம்பில் சரக்கு இருக்காது. "அப்புறம் ஒருநாள் ஒடிஞ்சிரும்மா. கீழ விழுந்து இல்ல, ஓடிட்டு இருக்கும்போதே." பெண் தலையை ஆட்டினாள். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். எலும்பு நிபுணரைப் பார்க்க குமுதா எழுதிக் கொடுத்தாள். பெரிய மருத்துவமனையில் தேதி கிடைத்தபோது அது மாநிலப் போட்டிக்குப் பிந்திய வாரமாக இருந்தது.

வாரங்கள் போயின. பெண் ஒவ்வொரு தடவையும், "சாப்பிடறேன் மிஸ்" என்றாள். எடைக்கருவி இல்லை என்றது. வீட்டில் அடுப்பு எரிகிறதா என்பதே சந்தேகமாகி, ஒரு சனிக்கிழமை மத்தியானம் குமுதா காடியை ஓட்டிக்கொண்டு சுங்காய்க்குக் கிளம்பினாள். தட்டைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்க்க முடியாது என்பது அவள் கட்சி.

அந்தப் பக்கம் அவளுக்குப் புதிதல்ல. அவள் பிறந்ததே அங்கே ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில்தான். தோட்டம் கைமாறி, லயங்களை இடித்து, ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டபோது அவளுக்கு ஆறு வயது. குடும்பங்கள் ஈப்போவுக்கும் தெலுக் இந்தானுக்குமாகச் சிதறின. சிதறாத கொஞ்சம் பேருக்கு மட்டும் சாலையோரத்தில் வரிசை வீடுகளாக ஒரு தாமான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஷர்மினியின் வீடு அதில் கடைசி வீடு. வீட்டுக்குப் பின்னாலேயே செம்பனை ஆரம்பித்துவிடும். காற்றே இல்லாதபோதும் மட்டைகள் உரசிக்கொண்டிருக்கும்.

வீட்டில் அடுப்பு நன்றாகவே எரிந்தது. ஷர்மினியின் அம்மாவை எல்லாரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். சுங்காயில் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சமைக்கிறவள். அன்று கோழி வறுத்திருந்தாள், நெத்திலிச் சம்பல் வைத்திருந்தாள், கங்கோங் கீரை பிரட்டியிருந்தாள். கணவர் ஜொகூரில் வேலை பார்க்கிறார், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார் என்றாள். சுவரில் ஓர் இளைஞனின் படம் மாலையோடு இருந்தது. ஓட்டச் சீருடையில் சிரித்துக்கொண்டிருந்தான்.

"என் மவன், பவித்ரன். ரோட்டுல ஓடப் போனான். விடிஞ்சும் விடியாம ஒரு காடிக்காரன் அடிச்சிட்டுப் போயிட்டான். மூணு வருஷம் ஆச்சு."

சாப்பிட உட்கார்ந்தார்கள். அப்போதுதான் குமுதா அதைக் கவனித்தாள். ஷர்மினி சோற்றைப் பிசைந்தாள், கோழியைப் பிய்த்தாள், தட்டின் ஓரமாக ஒதுக்கினாள், நாலு வாயோடு எழுந்துவிட்டாள். அதிலே ஆச்சரியமில்லை, அப்படிப் பிசைகிற பெண்களைக் குமுதா நிறையப் பார்த்திருக்கிறாள். பாப்பா ஒன்றும் சொல்லாததுதான் ஆச்சரியம். விருந்தாளி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் மூன்று தடவை சோறு போட்டவள், மகள் எழுந்துபோகும்போது, 'இன்னுங் கொஞ்சம் சாப்பிடும்மா' என்று ஒப்புக்குக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. தட்டை எடுத்தாள், மிச்சத்தைக் கொட்டினாள், கழுவி வைத்தாள். தமிழ் வீட்டில் அப்படி ஒரு தாயைக் குமுதா அதுவரை கண்டதில்லை.

வெயில் தாழ்ந்ததும் ஷர்மினி சப்பாத்தின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு பின்பக்கத்துச் செம்மண் பாதையில் ஓடப் போனாள். "கால் நோவுதுன்னியே, இன்னிக்கு வேணாமே" என்று குமுதா சொன்னதற்கு, "மெதுவாத்தான் மிஸ்" என்றாள். குமுதா சமையலறையில் உட்கார்ந்து காப்பி குடித்தாள். பாப்பா பின்வாசலில் போய் நின்றவள் நின்றபடியே நின்றாள். பேச்சுக் கொடுத்தால் பதில் வந்தது, முகம் மட்டும் பாதையை விட்டுத் திரும்பவில்லை.

நேரம் கழித்துப் பெண் திரும்பி வந்தாள். கால்கள் தடுமாறின, உதடு வெளுத்திருந்தது. தாய் தண்ணீர் கொடுக்கவில்லை, துண்டு கொடுக்கவில்லை. படியிறங்கிப் போய் மகளின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"வந்தானா?"

"வந்தாம்மா. பழைய பங்களா முனையில சேர்ந்துக்கிட்டான். ஆத்துப் பாலம் வரைக்கும் வந்தான்."

"பேசினானா?"

"மூச்ச விட்டுறாதன்னான்."

பாப்பாவின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தைக் குமுதா பார்த்தாள். கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தாள்.

கிளம்பும்போது பெண்ணைக் காடிவரை கூட்டிக்கொண்டு வந்து கேட்டாள். ஷர்மினி மறைக்கவில்லை. ஒருவரும் கேட்காததால்தான் அதுவரை சொல்லாமல் இருந்திருப்பாள் போலும்.

பவித்ரன்தான் அவளுக்கு ஓடக் கற்றுக் கொடுத்தவன். அவன் போன பிறகு அவன் ஓடிய பாதையில் தனியாக ஓடினாள். ஒரு நாள், அம்மா அழுதுகொண்டே படுத்துவிட்ட நாள், வீட்டில் சமைக்கவில்லை. பசியோடே ஓடினாள். கண் இருட்டிக்கொண்டு வந்தபோது பக்கத்தில் காலடி கேட்டது. "அண்ணனுக்கு வலது கால் கொஞ்சம் அழுத்தி விழும் மிஸ். டப்-டம், டப்-டம்னு. எனக்குத் தெரியாதா? திரும்பிப் பாத்தா ஆளில்ல. நேரா பாத்து ஓடினா கூடவே வர்றான்." மறுநாள் சாப்பிட்டுவிட்டு ஓடினாள், வரவில்லை. சாப்பிடாமல் ஓடினால் வந்தான். வயிறு எத்தனை காலியோ அத்தனை தூரம் கூட வந்தான். அம்மாவிடம் சொன்னாள். அன்றைக்குத்தான் அம்மா எழுந்து குளித்து, தலைவாரி, வேலைக்குப் போனாள்.

"நீங்க சொல்ற மாதிரி சாப்பிட்டா எடை ஏறும், கால் நல்லாகும். எல்லாம் தெரியும் மிஸ். ஆனா அவன் எங்க போவான்?"

ஈப்போவுக்குத் திரும்புகிற வழியெல்லாம் குமுதா தனக்குத் தானே பாடம் நடத்திக்கொண்டு வந்தாள். ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் மூளை தடுமாறும். களைத்த மூளை பழகிய ஓசையைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். இதில் பேயுமில்லை, ஆவியுமில்லை. புந்தோங் வந்து வாசல் கதவைத் திறந்தபோது பாடம் முடிந்துவிட்டது. உள்ளே வழக்கம்போல நிசப்தம் இருந்தது. அன்றைக்கு அவள் சமைக்கவில்லை.

மறுநாளும் சாப்பிடவில்லை. இரண்டு கோப்பை வெறுந்தேநீரோடு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி வேலைக்குப் போய், பிள்ளைகளிடம் பசியாறிவிட்டு வரச்சொல்லிப் பேசிவிட்டு வந்தாள். சொல்லிக் கொடுக்கிற விஷயத்தைத் தெரிந்துகொள்வது தொழில்தானே என்று நினைத்துக்கொண்டாள். தன்னையே ஏமாற்றிக்கொள்கிறோம் என்பதும் தெரிந்துதான் இருந்தது.

அடுத்த நாள் விடிகிற நேரத்தில் போலோ கிரவுண்டுக்குப் போனாள். மகேந்திரன் இருந்தபோது இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கிற இடம். சீனக் கிழவர்கள் கைகளை மெல்ல வீசிக்கொண்டு உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். தூங்குமூஞ்சி மரங்களுக்குக் கீழே இன்னும் இருட்டு விலகவில்லை. குமுதா வேகமாக நடந்தாள், பிறகு மெல்ல ஓடினாள். கால்கள் தன்னுடையவை இல்லைபோல ஆயின. காதுக்குள் ஓர் இரைச்சல் எழுந்து, எழுந்த வேகத்தில் அடங்கியது. அந்த அடங்கலில் சாவிக்கொத்தின் ஓசை கேட்டது.

மகேந்திரனுக்கு வேன் சாவியை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே நடக்கிற பழக்கம். எத்தனையோ தடவை, "நிறுத்துங்க, தலைய வலிக்குது" என்று அவனைக் கடிந்திருக்கிறாள். இடது தோளுக்கு ஒரு முழம் பின்னால், ஒரு சுற்றுக்கு ஒரு கிணுக்கென்று, அதே ஓசை. அவள் திரும்பவில்லை. திரும்பிப் பார்த்தால் ஆளில்லை என்று ஷர்மினி சொன்னது நினைவில் இருந்தது. கண்ணீர் தாரைதாரையாக வழிய, நேராகப் பார்த்துக்கொண்டு, எத்தனை சுற்று என்றே தெரியாமல் போனாள். கால் மடங்கி ஒரு பெஞ்சில் விழுந்தபோது வெயில் ஏறியிருந்தது, ஓசை இல்லை. யாரோ ஒரு மலாய்க்காரப் பெண்மணி தன் பையிலிருந்து குயே என்ற இனிப்புப் பலகாரத்தை எடுத்து, "மாக்கான், காக், மாக்கான்" என்று சாப்பிடச் சொல்லி அவள் வாயருகே நீட்டிக்கொண்டிருந்தாள்.

குமுதா அதைத் தின்றாள். தின்னத்தின்ன உலகம் தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது. அவளைப் பயமுறுத்தியது சாவியின் ஓசை இல்லை. அந்த இனிப்பு நாக்கில் பட்ட கணத்தில், அதைக் கொடுத்தவளின் மீது தனக்கு வந்த வெறுப்புதான் அவளைப் பயமுறுத்தியது. ஷர்மினி ஒவ்வொரு தடவையும் தன்னை எப்படிப் பார்த்திருப்பாள் என்று அப்போதுதான் விளங்கியது.

அந்த வாரமே மறுபடி சுங்காய்க்குப் போனாள். பெண் இன்னும் பள்ளியில் இருந்தாள், வேலை முடிந்து வந்த பாப்பா மட்டும் வீட்டில். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளுக்கு எதிரே குமுதா ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, ஷர்மினியோட எலும்பு தேஞ்சுக்கிட்டே போவுது. டாக்டர் பாத்து முடிக்கிற வரைக்கும் அவ ஓடக்கூடாது. சாப்பிடணும். நீங்க சொன்னாத்தான் சாப்பிடுவா."

பாப்பா கத்தியைக் கீழே வைக்கவில்லை. "நீங்க என் மவளுக்குச் சாப்பாடு குடுக்க வந்தீங்க. என் மவன எடுத்துட்டுப் போவ வரல."

"அவன் வர்ற ஒவ்வொரு தடவையும் இவ கொஞ்சம் கொறையிறாக்கா."

"உங்களுக்கு என்ன தெரியும்? படிச்சிட்டு வந்து பேசறீங்க."

"தெரியும். எங்க வீட்டுக்காரரு வந்தாரு. ரெண்டு நாள் சாப்பிடாம இருந்தேன். வந்தாரு."

பாப்பாவின் கை நின்றது. கத்தியைப் போட்டுவிட்டுக் குமுதாவின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். வெங்காயச் சாறு பிசுபிசுத்தது. "என்ன சொன்னாரு?" அந்தக் குரலில் கோபமே இல்லை. பக்கத்து ஊரிலிருந்து வந்தவளிடம் தன் வீட்டு ஆளைப் பற்றி விசாரிக்கிறவளின் ஆவல் மட்டும்தான் இருந்தது.

"ஒண்ணும் சொல்லலக்கா."

"இவன் பேசுவான்" என்றாள் பாப்பா. கையை விட்டாள். "ஒரு வார்த்தையாச்சும் பேசுவான். அத நிறுத்தச் சொல்றீங்களா?" பிறகு எழுந்து அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்கு மேல் அன்று அவளோடு பேச முடியவில்லை.

குமுதா சீனி மாஸ்டரிடம் போனாள். போட்டியில் ஷர்மினியை இறக்கவேண்டாம் என்றாள். மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "பள்ளிக்கூடத்துல இதுதான் அவளுக்குக் கடைசி வருஷம் மிஸ். அவங்க அம்மாவும் ஓடட்டும்னு சொல்லிட்டாங்க. நோவுதான்னு இன்னிக்குக் காலையில கேட்டேன், இல்லன்னா. நான் என்னத்த செய்ய?" பெண்ணிடமும் பேசினாள். ஷர்மினி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஒரு தடவ மட்டும் மிஸ்" என்றாள். அதற்கு முன்னும் பலர் அப்படிச் சொல்லிக் குமுதா கேட்டிருக்கிறாள்.

போட்டி ஈப்போவில் நடந்தது. மூவாயிரம் மீட்டர். காலை வெயில், மைதானத்துக்குப் பின்னால் வெள்ளைச் சுண்ணாம்பு மலைகள். பாப்பா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். குமுதா திடலோரத்தில், ஈரத்துணியும் குளுக்கோஸுமாக நின்றாள்.

முதல் சுற்றுகளில் ஷர்மினி கூட்டத்தோடு கூட்டமாக ஓடினாள். பாதிக்கு மேல் போனதும் தனியாகப் பிரிந்து முன்னே வந்தாள். பார்த்தவர்கள் கைதட்டினார்கள். குமுதாவால் கைதட்ட முடியவில்லை. பெண்ணின் கண்கள் எதையும் பார்க்கவில்லை. தலையை லேசாக வலப்பக்கம் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டு ஓடினாள். உதட்டில் சிரிப்பு இருந்தது. வெளிப்பக்கத்துத் தடத்தில் ஒரு ஆள் ஓடுவதற்கு வேண்டிய இடத்தை விட்டுத்தான் ஒவ்வொரு வளைவையும் எடுத்தாள். ஒரு வளைவில் குமுதாவைக் கடந்துபோனபோது காலடிகள் கேட்டன. ஒரு ஆளுக்கு உண்டான காலடிகள்தானா அவை என்று குமுதா இன்றுவரை நிச்சயமாகச் சொல்லமாட்டாள்.

கடைசிச் சுற்று மணி அடித்தது. எதிர்ப்பக்கத்து நேர்த்தடத்தில் ஷர்மினி தடுக்காமலே விழுந்தாள். நிற்கவைத்த கொம்பு சாய்கிற மாதிரி அப்படியே சாய்ந்தாள். பின்னால் வந்தவர்கள் விலகி ஓடினார்கள். குமுதா புல்வெளியைக் குறுக்கே கடந்து அவளிடம் போனபோது பெண் அலறவில்லை. ஒரு கையை ஊன்றித் தலையைத் தூக்கி, வெறுமையாய்க் கிடந்த தடத்தை, அது வளைந்து மறைகிற இடம்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொடையெலும்பின் கழுத்தில் முறிவு. அன்றைக்கே அறுவைச் சிகிச்சை செய்து திருகாணி வைத்தார்கள். இந்த வயதில் இப்படி ஓர் எலும்பை நான் பார்த்ததில்லை என்று அறுவை செய்த டாக்டர், குமுதாவிடம் சொன்னார்.

மறுநாள் பிற்பகல் பார்வையாளர் நேரத்தில் குமுதா வார்டுக்குள் நுழைந்தாள். பாப்பா கட்டிலருகே நின்றுகொண்டிருந்தாள். மகளுக்கு நினைவு நன்றாகத் தெளிந்திருந்தது. தாய் அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். கேட்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

"வந்தானா?"

"வந்தாம்மா."

"அப்புறம்?"

"நான் விழுந்தேன். அண்ணன்னு கூப்பிட்டேன்." ஷர்மினியின் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "அவன் நிக்கல. ஓடிப் போயிட்டான்."

பாப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சுற்றிலும் மற்ற நோயாளிகளின் வீட்டார் பழம் நறுக்கிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். போனவள் அன்று திரும்பி வரவில்லை.

அடுத்த நாள் வந்தாள். கையில் அடுக்குப் பாத்திரம் இருந்தது. குழையவிட்ட சோறு, மீன் குழம்பு, அவித்த முட்டை. குமுதாவைப் பார்த்து, "இது போதுமா டாக்டர்?" என்று கேட்டாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து பிசைந்து ஓர் உருண்டை பிடித்து மகளின் வாயருகே கொண்டுபோனாள். ஷர்மினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேணாம்மா. சாப்பிட்டா அவன்…"

பாப்பா கெஞ்சவில்லை, அதட்டவில்லை. பிடித்த கை பிடித்தபடி இருந்தது. குழம்பு வழிந்து முழங்கைவரை இறங்கியது. அப்போதும் எடுக்கவில்லை. கடைசியில் பெண் அழுதுகொண்டே வாயைத் திறந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது. குமுதா சொல்வதும் பாப்பா சமைப்பதும் ஷர்மினி சாப்பிடுவதுமாக மாதங்கள் ஓடின. ஊன்றுகோல் போயிற்று. கன்னத்து ரோமம் உதிர்ந்தது. நின்றுபோன மாதவிலக்கு ஒரு நாள் திரும்பி வந்தது. அதைச் சொல்ல ஷர்மினி அவளே போன் செய்தாள். குமுதா சந்தோஷப்பட்டு என்னவோ சொல்லிக்கொண்டிருந்தபோது, "மிஸ்" என்று பெண் நடுவில் மறித்தாள்.

"என்னம்மா?"

"ரொம்ப அமைதியா இருக்கு மிஸ். ரோடு, வீடு, எல்லாம். இவ்ளோ அமைதியா இருக்கும்னு நீங்க சொல்லவே இல்லியே."

சில நாள் அவள் குமுதாவின் அழைப்பை எடுக்கமாட்டாள். சில நாள் எடுத்து, நீங்கள்தான் அவனைத் துரத்தினீர்கள் என்பாள். பிறகு அவளே மன்னிப்புக் கேட்பாள். குமுதா எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. அந்தப் பெண் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே என்று தோன்றியது. பயிற்சி மையத்தில் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் எடையையும் தூக்கத்தையும் விசாரித்த பிறகு, இப்போதெல்லாம் குமுதா இன்னொன்றையும் கேட்கிறாள், வீட்டில் யாராவது இறந்திருக்கிறார்களா என்று. ஏன் என்று கேட்டால் சும்மா என்பாள்.

டாக்டர் அனுமதித்த பிறகு, தெலுக் இந்தானில் நடந்த ஒரு சிறிய சாலை ஓட்டத்தில் ஷர்மினி கலந்துகொண்டாள். ஆற்றங்கரைச் சாலை, வயசாளிகளும் குழந்தைகளுமாகக் கூட்டம். பதக்கம் எதுவும் இல்லை. எத்தனையாவதாக வந்தாள் என்றுகூட யாரும் பார்க்கவில்லை. முடித்துவிட்டு வந்து புல்தரையில் உட்கார்ந்து ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோற்றைப் பிரித்து முழுவதும் சாப்பிட்டாள். இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

குமுதா வயிறு குளிரப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கும் பாப்பாவுக்குமாக வாங்கியதைப் பிரித்துக்கொண்டே பக்கத்தில் திரும்பியவள் கை அப்படியே நின்றது. வெயில் வெளிச்சத்தில் பாப்பாவைச் சரியாகப் பார்த்தது அப்போதுதான். ரவிக்கையின் கை தொளதொளத்தது. கழுத்து எலும்பு குழி விழுந்து நின்றது. வளையல் முழங்கைவரை ஏறிப்போயிருந்தது. செருப்பின் ஓரத்தில் காய்ந்த செம்மண் அப்பியிருந்தது.

"அக்கா, பசியாறலையா?"

"அப்புறம் சாப்பிட்டுக்கிறேன்."

"எப்ப சாப்பிட்டீங்க?"

பாப்பா ஆற்றைப் பார்த்தாள். "காலையில வெள்ளன நடக்கப் போறேன். நம்ம பின்பக்கத்து ரோட்டுலதான். எனக்கு ஓடத் தெரியாது. நடந்தாப் போதும்லா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவகிட்ட சொல்லிராதீங்க. அவ நல்லா சாப்பிடறா. அவ சாப்பிடட்டும். நான் விளையாட்டுக்காரி இல்லியே டாக்டர். என் எலும்பு எப்படிப் போனா என்ன?"

வயதுக்கு வந்த பெண்ணை உட்காரவைத்து விளக்குகிற அந்தப் பாடங்களில் ஒன்றுகூட இந்த அம்மாளுக்குப் பொருந்தவில்லை. குமுதா பொட்டலத்தை இருவருக்கும் நடுவில் வைத்தாள். பாப்பா எடுக்கவில்லை. குமுதாவும் எடுக்கவில்லை. படகொன்று எதிர்க்கரைக்குப் போய்த் திரும்பி வந்தது. சோற்றில் எறும்பு ஏறியது. கடைசியில், "நீங்க ஏன் சாப்பிடாம இருக்கீங்க?" என்று பாப்பா சலித்துக்கொண்டாள்.

"உங்களுக்குக் காத்திருக்கேன்."

"நல்ல ஆளுலா நீங்க." எறும்பைத் தட்டிவிட்டு ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். குமுதாவும் ஒரு வாய் எடுத்தாள்.

ஷர்மினி இப்போது கோலாலம்பூரில் கணக்கியல் படிக்கிறாள். ஓடுவது குறைந்துவிட்டது. குமுதா சனிக்கிழமைகளில் வெள்ளன எழுந்து சுங்காய்க்குக் காடி ஓட்டுகிறாள். செம்மண் பாதையிலிருந்து பாப்பா திரும்பி வருகிற நேரத்துக்கு அடுப்பைப் பற்றவைத்து, தோசை வார்த்து, சட்னி அரைத்து வைத்திருப்பாள். எதிரெதிரே உட்காருவார்கள். சில சனிக்கிழமை பாப்பா இரண்டு தோசை சாப்பிடுவாள். சில சனிக்கிழமை தட்டைத் தள்ளிவிட்டுப் பின்வாசலில் போய் உட்கார்ந்துகொள்வாள். அந்த நாட்களில் குமுதாவும் சாப்பிடாமல், தோசையை மூடி வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள்.